கோபுவுக்குச் சாதம்

பரத் என் தங்கை மகன். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகும் எட்டு நாளைக்கு பெங்களூர் மல்லேஸ்வரம் வீட்டில் தங்கி, இரண்டு நாய்களையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவன் கேட்டபோது நான் கொஞ்சம் பிகு செய்துகொண்டுதான் சரி என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஏகச் சந்தோஷம். அந்த எட்டு நாளில் ஐந்தாவது நாள் என் மனைவி அம்புஜம் இறந்த திதி, அவளுடைய தேவசம். அதைச் செய்ய எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்குச் செய்ய வேண்டியதை நான்தான் செய்ய வேண்டும். நான் இருப்பதோ ஸ்ரீராமபுரத்தில் ஒரு மாடி அறை. ஒரு ஸ்டவ், ஒரு வாளி, நாலு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு குளியலறை. முதல் வருஷம் ஒரு மடத்துக் கூடத்தில் செய்தேன். வரிசையாக மூன்று பேர் உட்கார்ந்து மூன்று தேவசம். மந்திரம் மூவருக்கும் சேர்த்து ஒன்றே. அம்புஜத்துக்கு நான் வைத்த உருண்டையைப் பக்கத்து ஆசாமியின் பெரியப்பா சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. இந்த வருஷமாவது ஒரு வீட்டில், ஒரு சமையலறையில், அவளுக்கென்று வைத்த அடுப்பில் சமைத்துப் போட வேண்டும் என்று இருந்தது. பரத்திடம் சொல்லவில்லை. ஹோமம் என்று சொன்னால் அவன் பெண்டாட்டி கிருத்திகா, புதிதாகப் போட்ட வெள்ளை டைல்ஸை நினைத்து ஊட்டிக்கே போகாமல் இருந்திருப்பாள்.

நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று பிங்கி. வெள்ளைப் பொமரேனியன், ஷாம்பூ குளியல், மாடியில் மெத்தைப் படுக்கை. கிருத்திகாவின் உயிர். இன்னொன்று கோபு. தெருநாய்க்குப் பிறந்த தெருநாய், செம்பட்டை நிறம், பதினொரு வயது. எட்டாவது கிராஸ் மார்க்கெட்டில் கூடைகளுக்கு நடுவில் குட்டியாகக் கிடந்ததை அம்புஜம் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் போய், எங்கள் வாடகை வீட்டையும் இடித்து ஃபிளாட் கட்ட ஆரம்பித்தபோது, நான் அவனைப் பரத்தின் தலையில் கட்டினேன். கிருத்திகா அவனைக் கொல்லைப்புறத்தோடு நிறுத்திவிட்டாள்.

எனக்கு கோபுவைப் பிடிக்காது. நாயிடம் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். இருந்தது. அவள் அவனுக்குத் தயிர் சாதம் பிசைந்து வைக்காமல் ஒரு நாளும் தன் இலையில் உட்கார்ந்ததில்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்க அவளுக்கு மறந்திருக்கிறது. அவன் விஷயத்தில் மறந்ததில்லை. இடி இடித்தால் அவன் நடுங்குவான், கண்மண் தெரியாமல் எதன் மேலாவது ஏறுவான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து, அவனை மடியில் போட்டு, தலைப்பால் காதை மூடுவாள். மழை விடும்வரை எனக்குக் காபி கிடையாது. ஆஸ்பத்திரியில் கடைசி சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் குனிந்தேன்.

"கோபுக்கு சாதம் வெச்சேளா?" என்று கேட்டாள்.

"வெச்சேன்" என்றேன். நான் வீட்டுப் பக்கம் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவனிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். அதை நான் அவளிடம் கோபித்துக்கொள்ள முடியாது. நாயிடம் முடியும்.

தேவசத்துக்கு முதல் நாள் வீட்டு வேலை செய்யும் லட்சுமம்மாவைக் கூப்பிட்டு, மறுநாள் வரவேண்டாம் என்றேன். கன்னடக்காரி, தமிழும் அதில் கலந்து ஓடும். அவள் முகம் சுருங்கியது.

"அப்போ நாயிங்களுக்கு யாரு பாப்பாங்க ஸ்வாமி?"

"நான் பாத்துக்கறேன்."

"பிங்கிக்கு பிஸ்கெட் போதும். கோபு பிஸ்கெட் தொடாது. காலையில எட்டு மணிக்கு தயிர் சோறு வெச்சுடுங்க. வேற எதுவும் வாய் வெக்காது, உங்க வீட்டு அம்மாவோரு பண்ண பழக்கம். ஆமேல இன்னொண்ணு, சாயங்காலமா மழை வர மாதிரி இருக்கு. இடின்னா அது பைத்தியம் மாதிரி ஆயிடும். கட்டிப் போடாதீங்க, உள்ள விட்டுடுங்க."

"தெரியும் போ" என்றேன். பதினொரு வருஷமாக எனக்குத் தெரிந்ததை எனக்கே சொல்ல வந்துவிட்டாள் என்று எரிச்சல்.

தேவசம் செய்துவைக்கும் வாத்தியார் டெலிபோனில் சொன்னது வேறு. "ஆத்துல நாய் இருக்குன்னேளே, அதை மொதல்ல அப்புறப்படுத்துங்கோ. நாய் பார்வை பட்டா தேவசமே வீண். அது பாக்கவும் படாது, நாம அதைப் பாக்கவும் படாது."

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர வேட்டி சொட்டச் சொட்ட நாய்களை அப்புறப்படுத்தினேன். பிங்கியை மாடி அறையில் விட்டு, தட்டு நிறைய பிஸ்கெட்டும் தண்ணீரும் வைத்துப் பூட்டினேன். கோபுவையும் அதே அறையில் பூட்டியிருக்கலாம். இடம் இருந்தது. அவன் கதவைப் பிராண்டுவான், கிருத்திகாவின் கதவில் கோடு விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. பிங்கிக்கு ஒன்றென்றால் கேட்க ஆள் இருந்தது. கோபுவுக்குக் கேட்க இருந்தவளுக்குத்தான் தேவசம்.

கொல்லையில் மதிலை ஒட்டித் துவைக்கிற கல். அதற்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஷீட்டைத் தாங்க ஒரு இரும்புத் தூண். அதில் கோபுவைச் சங்கிலியால் கட்டினேன். சங்கிலி நீளமாக இருந்தது. சமையலறை வாசல்வரை வருவான் போலிருந்தது. தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுருக்கினேன். அவன் என் கையை முகர்ந்துவிட்டு, காலித் தட்டைப் பார்த்தான். எட்டு மணி ஆகியிருந்தது. சமையலுக்கு வந்த மாமி அதற்குள் அடுப்பைக் கழுவிக் கோலம் போட்டாகிவிட்டது. அந்த அடுப்பில் வைத்தது எதுவும் பிராமணர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு வாய்க்கும் போகக் கூடாது. ஒரு வேளை பட்டினியால் நாய் செத்துவிடாது, நானும் பட்டினிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தரைக்கு வருவதாகச் சொன்ன வாத்தியார் ஒன்றே காலுக்கு ஸ்கூட்டரில் வந்தார். பின்னாலேயே இலையில் உட்கார்ந்து சாப்பிட இரண்டு பிராமணர்கள். அதில் அம்புஜத்தின் ஸ்தானத்துக்கு வரித்தவர் ஐம்பது வயசுக்காரர், நல்ல ஆகிருதி. அவர் காலைக் கழுவி, அட்சதை போட்டு, இவர்தான் அம்புஜம் என்று மனசில் வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சமையலறையிலிருந்து அதிரசமும் பாகற்காயும் மணத்தன. ஒரு வீட்டில் தேவசம் நடக்கிற வாசனை அது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு மனசு நிறைந்திருந்தது.

ஹோமம் ஆரம்பித்தபோது வெளியே வெளிச்சம் மஞ்சளாக மாறியது. சித்திரை மாசத்துப் பெங்களூர் மழை நாலு மணிக்கு மேல்தான் வரும்; அன்று இரண்டு மணிக்கே வந்தது. முதலில் காற்று. ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாக அறைந்தன. தெருப் புழுதி முழுக்கக் கூடத்துக்குள் வந்தது. வாத்தியார் மேல்வேஷ்டியை விரித்து அக்னிக்குத் தடுப்புப் பிடித்துக்கொண்டே மந்திரம் சொன்னார். எங்கோ மளமளவென்று மரம் ஒன்று முறிந்தது, கரெண்ட் போயிற்று. அடுத்த நொடி தலைக்கு மேலேயே இடி விழுந்தது போல ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் கொல்லையில் கோபு ஊளையிட்டான்.

அந்த மாதிரி அவன் கத்தி நான் கேட்டதில்லை. அம்புஜம் இருந்தவரை அவன் கத்த வேண்டியிருந்ததில்லை. வாத்தியார் முகத்தைச் சுளித்தார்.

"என்னது இது, அபசகுனமா?"

"நாய். இடிக்கு பயம்."

"இருக்கட்டும். விரல்ல பவித்ரம் இருக்கு, எழுந்துக்கப்படாது. சொல்லுங்கோ."

சொன்னேன். அப்புறம் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. நெல்லிக்காய் அளவுக் கட்டிகள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். வாத்தியார் வாய் அசைவதுதான் தெரிந்தது, மந்திரம் காதில் விழவில்லை. முன் ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து கிருத்திகாவின் சோபா மேல் கொட்டியது. வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் நுழைந்து ஹோம குண்டத்தை நோக்கி வந்தது. இலைக்கு வந்த இரண்டு பேரும் பழைய பேப்பரைப் போட்டு அதை அணை கட்டினார்கள். மாடியில் பிங்கி கீச்சுக் குரலில் அழுதது. எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு கொல்லையிலிருந்து அந்த ஊளை வந்துகொண்டிருந்தது, கூடவே சங்கிலி தூணில் மோதும் சத்தமும்.

ஹோமம் முடிந்து இலை போடுவதற்கு நடுவில் கொஞ்சம் அவகாசம் இருந்தது. தீர்த்தம் எடுத்துவர நான் சமையலறைக்குப் போனேன். கொல்லை ஜன்னல் திறந்திருந்தது. ஷீட்டில் பாதி பறந்துபோயிருந்தது. கோபு துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். உடம்பு முழுக்க நனைந்து எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் ஊளை நின்றது. காதை மடித்துக்கொண்டு வாலை ஒரே ஒரு தடவை ஆட்டினான்.

இப்போது சொல்லலாம், ஒரு நிமிஷ வேலை என்று. கொக்கியைக் கழற்றினால் ஓடிவந்து ஏதாவது கட்டிலுக்கடியில் புகுந்திருப்பான். தேவசம் கெட்டிருக்கும். அந்த ஒரு தேவசத்துக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன். அவளுக்குப் போட வேண்டியதற்கு நடுவில் இவன் இன்னும் ஒரு தடவை வந்து நிற்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாய் பார்வை படக் கூடாது என்றல்லவா விதி. ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "பாவம், வாயில்லா ஜீவன்" என்றாள். என்றபடியே எள்ளுருண்டைத் தட்டை என் கையில் கொடுத்தாள்.

இலையில் பரிமாறினோம். ஊளை இன்னும் உயர்ந்தது, பிறகு ஏதோ இழுபட்ட மாதிரிச் சங்கிலி ஒரு தடவை கரகரத்தது. அதோடு சத்தம் நின்றுவிட்டது. மழை மட்டும் கேட்டது. அம்புஜத்தின் ஸ்தானத்தில் இருந்தவர் பருப்பில் நெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். வாத்தியார் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா, ஓய்ஞ்சுது. உங்காத்து மாமி வந்து இலையில உக்காந்துட்டா போலிருக்கு."

எனக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அவள் வந்துவிட்டாள், அவனைச் சமாதானப்படுத்திவிட்டு என் இலையில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். இலையைப் பார்த்துக் கைகூப்பினேன்.

இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அதிரசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். முடிவில் தேவசம் செய்கிற கர்த்தா கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்டேன்: திருப்திதானா. ஆகிருதிக்காரர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு அம்புஜத்தின் சார்பில் திருப்தி என்றார். பிண்டம் வைத்தேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். எதிலும் ஒரு குறை இல்லை. வெளியே மழையும் விட்டுவிட்டது.

காக்கைக்கு வைக்கும் உருண்டையை வாழை இலைத் துண்டில் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். தரை முழுக்க ஐஸ் கட்டிகளும் மாவிலையும். வானத்தில் ஒரு காக்கை இல்லை. மதில் மேல்தான் வைக்க வேண்டும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போனபோது கோபுவைக் காணவில்லை. தூணிலிருந்து சங்கிலி விறைப்பாகக் கல்லுக்கு மேலே போய், மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் குப்பை வண்டி போகிற சந்து. இங்கே மதில் என் மார்பு உயரம். சந்தில் தரை பள்ளம், அங்கே இன்னும் இரண்டடி அதிகம். எட்டிப் பார்த்தேன். கோபு தொங்கிக்கொண்டிருந்தான். பின்னங்கால் நகம் தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. மதிலில் ஈரப் பாசியை அவன் பிராண்டிய கோடுகள் இருந்தன. தூணில் நான் சுற்றிய இரண்டு சுற்று இல்லாமல் இருந்திருந்தால் கால் தரையைத் தொட்டிருக்கும்.

பின்னால் வாத்தியார் கை கழுவ வந்தார். அவரும் எட்டிப் பார்த்தார்.

"அடடா. எப்போ போச்சு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று புரிந்தது.

"இப்பத்தான். மழை விட்டப்புறம் கூட முனகல் கேட்டுது" என்றேன்.

"அப்போ தேவசத்துக்குக் குறையில்லை. எல்லாம் முடிஞ்சப்புறம்தானே. நீங்க தொடாதேங்கோ, நாளைக்குத் தர்ப்பணம் பாக்கியிருக்கு. கார்ப்பரேஷன்காரனுக்குச் சொன்னா எடுத்துண்டு போயிடுவான்."

தெருவில் மே ஃப்ளவர் மரம் விழுந்து அவர் ஸ்கூட்டரின் ஹேண்டிலை மட்டும் நசுக்கியிருந்தது. அதற்கு அவர் பட்ட வருத்தம் கொஞ்சமில்லை. நாலு பேரும் மரத்தைத் தாண்டிக்கொண்டு போனார்கள். நான் கொல்லைப் படியில் உட்கார்ந்தேன். சங்கிலி அப்படியே மதிலின் மேல் இருந்தது. நான் அவனை இறக்கவில்லை. மடி, தர்ப்பணம் எல்லாம் காரணமில்லை. கிட்டே போய் அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். மதிலின் மேல் வைத்த உருண்டையை ஒரு காக்கையும் தொடவில்லை.

ஐந்தரைக்கு டெலிபோனுக்கு உயிர் வந்து மணி அடித்தது. ஊட்டியிலிருந்து கிருத்திகா.

"மாமா, பெங்களூர்ல பயங்கர மழைன்னு டிவில சொன்னா. பிங்கி எப்படி இருக்கா? பயந்துட்டாளா?"

"நன்னா இருக்கா. ஜன்னல் கண்ணாடி ஒண்ணு உடைஞ்சுது."

"அது கிடக்கட்டும் மாமா. சாப்ட்டாளா?"

"சாப்ட்டா. கிருத்திகா, கோபு செத்துப் போயிட்டான். நான்தான் கட்டிப் போட்டேன். மதில் தாண்டிக் குதிச்சு, சங்கிலி இறுகி."

அவள் கத்தட்டும், என்ன மனுஷன் நீங்கள் என்று கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

"ஐயோ, நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதேங்கோ மாமா. அதுக்கு வயசாயிடுத்து. டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடலாம்னு நானும் அவரும் பேசிண்டுதான் இருந்தோம். ஒரு விதத்துல நல்லதாச்சு. பிங்கிகிட்ட ஃபோனைக் குடுங்கோ, என் குரலைக் கேக்கட்டும்."

மாடிக்கு நீள ஒயர் கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வீட்டில் என்னைத் திட்டுவதற்கு ஒருவரும் இல்லை. திட்டியிருக்கக்கூடிய ஒருத்தியை மத்தியானம்தான் திருப்தி சொல்லவைத்து அனுப்பியாயிற்று.

ஆறு மணிக்குக் கொல்லைக் கதவு தட்டும் சத்தம். லட்சுமம்மா. வரவேண்டாம் என்றது அவளுக்கு நினைவிருந்தது. அவள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்து அதை இறைத்துவிட்டு, ஈரப் புடவையோடு வந்திருந்தாள்.

"சந்து வழியா வந்தேன் ஸ்வாமி" என்றாள். அதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. "நான் அந்தப் பக்கம் போயி தூக்கிப் பிடிச்சுக்கறேன். நீங்க இங்கேர்ந்து சங்கிலி பிரிச்சி விடுங்க. மெதுவா. கீழ போட்டுடாதீங்க."

அவள் சுற்றிக்கொண்டு போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சுப் பிடித்துத் தூக்குவது கேட்டது. சங்கிலி தளர்ந்தது. நான் தூணிலிருந்து முதல் சுற்றைப் பிரித்தேன், இரண்டாவது சுற்றைப் பிரித்தேன். அதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசிக் கண்ணி மதிலைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது.

எட்டிப் பார்த்தேன். அவள் சந்துச் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். கோபுவின் தலை அவள் மடியில் இருந்தது. கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு அவன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஸ்வாமி, காலையில இதுக்கு சோறு வெச்சீங்களா?"

வைத்தேன் என்ற பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. இதே கேள்விக்கு அந்தப் பதிலை நான் முன்னால் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அன்று அது சுலபமாக வந்தது.

"வெக்கல" என்றேன்.

அவள் முந்தானையைப் பிழிந்து, அவன் காதிலும் முகத்திலும் இருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள். என் முழங்கைக்குப் பக்கத்தில், மதிலின் மேல், காக்கைக்கு வைத்த உருண்டை தேங்கிய மழைத் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. உள்ளே சமையலறையில் தேவசத்துச் சாதமும் ஒரு பாத்திரம் தயிரும் அப்படியே மிச்சம் இருந்தன.